பேத்தியின் அறையும் மகோலா சந்தையும்



மதுரை கீழமாசி வீதியில் நாற்பது ஆண்டுகளாகப் பருப்பு மொத்த வியாபாரம் செய்துவரும் நாங்கள், இவ்விதழில் இதுவரை எழுதியதெல்லாம் கொள்முதல், எடை, வரி, வசூல் பற்றித்தான். இம்முறை ஒரு குழந்தையின் படுக்கையறையைப் பற்றி எழுதுகிறோம். இதில் வியாபாரம் எங்கே வருகிறது என்று கேட்கலாம். கடைசி வரை படித்தால், எல்லாமே வியாபாரம்தான் என்று தெரியும்.

எங்கள் மாப்பிள்ளை மேற்கு ஆப்பிரிக்காவில், கானா நாட்டின் தலைநகரான அக்ராவில் மளிகைப் பொருள் மொத்த விநியோகம் செய்கிறார். 2022 டிசம்பரில் நாங்களும் வீட்டு அம்மாளும் புறப்பட்டுப் போய், மூன்று மாதம் மகள் வீட்டில் தங்கினோம். பேத்திக்கு அப்போது ஆறு வயது. தம்பி பிறந்துவிட்டதால் அவளுக்குத் தனி அறை ஒதுக்கியிருந்தார்கள். அந்த அறைக்குக் கட்டில், அலமாரி, திரைச்சீலை எல்லாம் போட வேண்டும். சும்மா இருக்கும் கிழவனுக்கு ஒரு வேலை கிடைத்தது.

இறக்குமதிக் கட்டிலும் ஈர மரமும்

நாங்கள் போன நேரம் நல்ல நேரம் அல்ல. 2022 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஆறு செடி என்றிருந்த அந்நாட்டு நாணயம், அதே ஆண்டு நவம்பரில் பதின்மூன்றைத் தாண்டிவிட்டது. டிசம்பரில் விலைவாசி முந்தைய ஆண்டைவிட 54 சதவீதம் ஏறியிருந்ததாக அரசுக் கணக்கே சொன்னது. காலையில் எழுதிய விலைப்பட்டியலை மாலையில் அடித்துத் திருத்தும் நிலை. கண்ணாடிக் கடைகளில் நின்ற வெளிநாட்டுக் கட்டில்களின் விலையைக் கேட்டுவிட்டு மகள் பேசாமல் திரும்பி வந்துவிட்டாள்.

விலை ஒரு பக்கம் இருக்கட்டும். அவர்கள் வீட்டில் ஏற்கெனவே ஓர் இறக்குமதி அலமாரி இருந்தது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. மேலே மர வண்ணத்தில் காகிதம். தரை துடைக்கும் ஈரம் பட்டுப் பட்டு அடிப்பாகம் ஊறிப்போன ரொட்டி மாதிரி உப்பிக் கிடந்தது. அக்ரா கடலோர ஊர். காற்றிலேயே ஈரம் உண்டு. அந்தப் பலகை அங்கே எத்தனை நாள் தாங்கும்?

"உள்ளூர்த் தச்சரிடமே சொல்லலாமே" என்றோம்.

"சொல்லிப் பார்த்தாச்சு மாமா" என்று மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே பின்கட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு கட்டில் சார்த்தி வைக்கப்பட்டிருந்தது. அக்டோபரில் செய்து வாங்கியது. தலைமாட்டுப் பலகை நடுவில் ஒரு விரல் நுழையும் அளவு பிளந்திருந்தது. சட்டங்கள் முறுக்கிக்கொண்டு நின்றன.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சகாரா பாலைவனத்திலிருந்து அங்கே ஒரு வறண்ட காற்று வீசுகிறது. 'ஹார்மட்டான்' என்கிறார்கள். வானமே புழுதி நிறமாகிவிடும். உதடு வெடிக்கும், தோல் வெடிக்கும். மழைக்காலத்து ஈரம் உள்ளே இருக்கும் மரமும் வெடிக்கும். அந்தக் கட்டிலுக்கு நேர்ந்தது அதுதான்.

தச்சரின் நியாயம்

மறுநாள் தச்சரைத் தேடிப் போனோம். அக்ராவில் சாலையோரத் தச்சுப் பட்டறைகள் ஏராளம். நான்கு கம்பம், மேலே தகரம். செய்து முடித்த கட்டில்களும் சோபாக்களும் சாலையைப் பார்த்து வரிசையாக நிற்கும். அதுதான் அவர்களுடைய ஷோரூம். கைவேலையில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. இதே அக்ராவை அடுத்த தேஷியில்தான் சேத் கேன் குவேய் என்ற தச்சர், மீன், கோகோ காய் போன்ற உருவங்களில் சவப்பெட்டிகள் செய்து உலகப் புகழ் பெற்றார். மீனவனுக்கு மீன், விவசாயிக்குக் கோகோ காய். மரத்தை அப்படி வளைக்கத் தெரிந்த ஊரில், குழந்தைக்கு ஒரு கட்டில் செய்ய முடியாதா?

நாங்கள் கோபத்தோடுதான் போனோம். கல்லாவில் உட்கார்ந்து பழகிய குரல்; கொஞ்சம் உயர்ந்தே பேசிவிட்டோம். தச்சர் ஐம்பது வயதுக்காரர். பொறுமையாகக் கேட்டார். பிறகு "நானா" என்று தொடங்கினார். அவர்கள் மொழியில் பாட்டன் பாட்டியரை மரியாதையாக அழைக்கும் சொல் அது. அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இதுதான்:

"மரம் ஈரம் என்று எனக்குத் தெரியும், நானா. ஆனால் முன்பணம் கொடுப்பவர் பத்து நாளில் கட்டில் கேட்கிறார். பலகையை வாங்கி மூன்று மாதம் அடுக்கி ஆறவிட வேண்டும். அந்த மூன்று மாதமும் யாருடைய பணம் அங்கே படுத்திருக்கும்?"

எங்களுக்குச் சுருக்கென்றது. நாற்பது ஆண்டுகளாக நாங்கள் கேட்ட கேள்வி அல்லவா இது! புதுத் துவரை வந்தவுடன் ஈரத்தோடு வாங்கி மூட்டை கட்டினால் வண்டு விழும் என்பது எந்தப் பருப்பு வியாபாரிக்கும் தெரியும். காயவிட்டு, ஆறவிட்டு வைக்க இடம் வேண்டும்; அதைவிட முக்கியமாக முதல் வேண்டும். முதல் உள்ளவன் சரக்கை ஆறவைத்து விற்கிறான். இல்லாதவன் ஈரச் சரக்கை விற்றுவிட்டுக் கெட்ட பெயர் வாங்குகிறான். தச்சரிடம் குறைந்தது திறமை அல்ல, முதல்தான்.

அங்கே சிறு தொழிலாளர்களுக்கு வங்கி எட்டாத தூரம். 'சூசூ' என்று ஒரு முறை உண்டு. வசூல்காரர் தினமும் கடைக்கு வந்து ஒரு குறிப்பிட்ட தொகையை வாங்கி அட்டையில் குறித்துக்கொள்கிறார். மாத முடிவில் ஒரு நாள் தொகையைத் தம் கூலியாக எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருகிறார். நம்மூர்த் தினசரி வசூலைத் திருப்பிப் போட்டது மாதிரி. அதில் சேரும் பணம் அடுத்த மாதச் செலவுக்குத்தான் காணும். மரம் அடுக்கி வைக்கக் காணாது.

தராசில் ஏறிய பலகை

அங்கேயே ஒரு முடிவுக்கு வந்தோம். மரத்துக்கான பணம் முழுவதும் எங்களுடையது; மரமும் எங்கள் பெயரிலேயே வாங்குவது. கூலியில் பாதி முன்பணம், மீதி வேலை முடிந்ததும். ஆனால் மரம் காய்ந்தது என்று தெரிந்த பிறகுதான் உளி வைக்க வேண்டும்.

எந்த மரம் என்ற பேச்சு வந்தது. 'வாவா' என்ற வெளிர் மரம் மலிவு, இழைக்கச் சுலபம். ஆனால் பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் சீக்கிரம் இரையாகும். 'ஓடும்' மரம் உறுதியானது. ஆனால் விலை அதிகம், காடுகளில் குறைந்தும் வருகிறது. கடைசியில் தோட்டத் தேக்கு என்று முடிவாயிற்று. தேக்கு நம் மண்ணின் மரம். அங்கே கொண்டுபோய் நட்டது வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில். இப்போது கானாத் தேக்கு நம் நாட்டுக்கே கப்பலேறி வருகிறது. நம்மூர் மரக்கடைகளில் அந்தப் பெயரைச் சொல்லியே விற்கிறார்கள். எங்கள் பேத்திக்கும் அந்தத் தேக்குக்கும் ஒரே கதைதான் என்று வீட்டு அம்மாள் சொன்னார்.

ஓரளவு காய்ந்த பலகைகளாகப் பார்த்து வாங்கி, காற்றுப் போக இடையிடையே குச்சி வைத்து, நிழலில் அடுக்கினோம். மரம் காய்ந்துவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது? கருவி உண்டு, எங்களிடம் இல்லை. எங்களிடம் இருந்தது மாப்பிள்ளை கடையின் தராசு. ஒரு சிறு பலகைத் துண்டில் தேதி எழுதி, நான்கு நாளைக்கு ஒருமுறை நிறுத்துக் குறித்தோம். முதல் நாள் 2 கிலோ 340 கிராம். இரண்டாம் வார முடிவில் 2 கிலோ 140. ஐந்தாம் வாரத்தில் 2 கிலோ 10. அடுத்த முறையும் அதே எடை. எடை இறங்குவது நின்றால், வெளியேற வேண்டிய ஈரம் வெளியேறிவிட்டது என்று பொருள். கட்டிலைப் பிளந்த அதே ஹார்மட்டான் காற்று, இப்போது எங்களுக்குக் கூலி வாங்காத வேலையாளாக மரத்தைக் காயவைத்துக் கொடுத்தது. அந்தச் சிட்டையைத் தச்சர் கேட்டு வாங்கித் தம் பட்டறையில் ஒட்டிவைத்துக்கொண்டார்.

துணிக்குப் பெயர் வைக்கும் சந்தை

மரம் காயும் வரை துணி வாங்கக் கிளம்பினோம். அக்ராவில் துணி என்றால் மகோலா சந்தை. அங்கே வியாபாரம் பெரும்பாலும் பெண்கள் கையில். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு தலைவி உண்டு. விலைத் தகராறு, இடத் தகராறு எல்லாம் அவர் முன்னிலையில் தீரும். நம் சங்கத் தலைவர்களைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சந்தைக்கு ஒரு காயம் உண்டு. 1979-ல் ஆட்சியைப் பிடித்த இராணுவத்தினர், விலை ஏறியதற்கெல்லாம் வியாபாரிகளின் பதுக்கலே காரணம் என்று சொல்லி, ஆகஸ்டு மாதத்தில் மகோலா சந்தையின் முதன்மைப் பகுதியை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இடித்த இடம் பிற்பாடு வண்டி நிறுத்துமிடமாயிற்று. பற்றாக்குறை தீர்ந்ததா என்றால் இல்லை. 1983-ல் அந்த நாடு பெரும் பஞ்சத்தையே பார்த்தது. வியாபாரியை அடித்தால் சரக்கு வந்துவிடாது. இருந்தும் அந்தப் பெண்கள் பக்கத்திலேயே மீண்டும் கடை விரித்தார்கள். இன்றும் மகோலா என்றால் அக்ராவின் இதயம்தான்.

'ஆப்பிரிக்கத் துணி' என்று உலகமெல்லாம் சொல்லும் மெழுகு அச்சுத் துணியின் பிறப்பு ஆப்பிரிக்காவில் அல்ல. ஜாவாத் தீவின் பாத்திக் துணியைப் பார்த்து டச்சுக்காரர்கள் இயந்திரத்தில் செய்தது. ஹாலந்தின் ஹெல்மண்ட் நகரில் 1846-ல் தொடங்கிய விலிஸ்கோ நிறுவனம் இன்றும் அதைச் செய்கிறது. கானாவிலேயே தேமா, அகோசொம்போ ஆகிய ஊர்களில் 1960-களில் ஆலைகள் வந்தன. ஆனால் அதை ஆப்பிரிக்கத் துணியாக்கியது சந்தைப் பெண்கள்தான். ஆலை துணிக்கு எண் மட்டும் போடும்; சந்தையில் விற்பவர்கள் பெயர் வைப்பார்கள். பெயர் பிடித்துவிட்டால் துணி ஐம்பது வருடம் ஓடும். பக்கத்து நாடான டோகோவின் லோமே நகரில் இப்படித் துணி விற்றே பென்ஸ் கார் வாங்கிய பெண்களை 'நானா பென்ஸ்' என்று அழைத்தார்கள்.

எங்களுக்குக் காட்டிய துணிகளில் ஒன்று, பறக்கும் குருவிகள் போட்டது. அதன் பெயர் 'சிகா வோ ந்தபான்'. 'பணத்துக்கு இறக்கை உண்டு' என்று பொருள். எந்த வணிகரின் வீட்டிலும் தொங்கவேண்டிய துணி! இன்னொன்று, தண்ணீரில் கல் விழுந்தது போலப் புள்ளி வட்டங்கள். பெயர் 'ந்சுபுரா', அதாவது கிணறு. மூன்றாவது, எழுத்துகள் போட்ட 'ஏபிசி' துணி. பேத்தி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். திரைக்கு ஏபிசி, கட்டில் விரிப்புக்குக் கிணறு, நாற்காலி மெத்தைக்குக் குருவி என்று முடிவாயிற்று.

வாங்குவோர் கவனத்துக்குச் சில விவரங்கள். இத்துணி 12 கெஜம் கொண்ட முழுத் துண்டாகவும், 6 கெஜமாகவும், 2 கெஜமாகவும் கிடைக்கிறது. அகலம் ஏறக்குறைய 46 அங்குலம். உண்மையான மெழுகு அச்சில் இரண்டு பக்கமும் நிறம் ஒரே மாதிரி இருக்கும். மெழுகு வெடித்த மெல்லிய கோடுகள் ஓடும். கரையில் ஆலையின் பெயர் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று இருந்தால் அது சாதா அச்சு. அதிலும் தவறில்லை, ஆனால் அதற்கு அந்த விலை கொடுக்கக் கூடாது. கரையில் பெயர் உட்படப் போலியாக அடித்து வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கு, கானாவின் ஆலைகளை வெகுவாக நசுக்கிவிட்டது. கடைக்கார அம்மாள் தாமே துணியைப் புரட்டி இரண்டு பக்கமும் காட்டினார். 'டாஷ்' என்று ஒரு கைக்குட்டை அளவுத் துண்டும் கொடுத்தார். நம்மூர்க் கொசுறு என்று நினைத்துக்கொண்டோம்.

கணக்கு இப்படி வந்தது. நான்கு அடி அகலத்தில் இரண்டு சன்னல். சன்னலுக்கு இரண்டு தொங்கல், ஆக நான்கு. ஏழடி உயரம், மடிப்புக்கு எட்டு அங்குலம் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டரை கெஜத்துக்குச் சற்றுக் கூட. மொத்தம் பத்தே கால் கெஜம். முழுத் துண்டில் மிஞ்சியது ஒன்றே முக்கால் கெஜம். தலையணை உறைகளுக்கு ஆயிற்று. வெட்டுவதற்கு முன் ஒருமுறை பச்சைத் தண்ணீரில் தனியாக நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். பருத்தி என்பதால் முதல் நனைப்பில் சுருங்கும்.

கென்டே துணி வேறு வகை. குமாசி நகரை அடுத்த பொன்வைர் போன்ற ஊர்களில், நான்கு அங்குல அகலப் பட்டைகளாகத் தறியில் நெய்து, பட்டைகளைச் சேர்த்துத் தைக்கிறார்கள். 2024-ல் யுனெஸ்கோ இந்நெசவைத் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் பட்டு வேட்டி போல மரியாதைக்குரிய துணி. படுக்கையில் விரிக்க மனம் ஒப்பவில்லை. ஒரே ஒரு பட்டை வாங்கிச் சுவரில் தொங்கவிட்டோம். விளையாட்டுச் சாமான் போட, வடக்கே பொல்கத்தாங்காவில் யானைப்புல்லைத் திரித்துப் பின்னிய கூடை ஒன்று.

பழைய கணக்கு ஒன்று

அக்ராவின் ஓசுப் பகுதியில் கடலைப் பார்த்து ஒரு வெள்ளைக் கோட்டை நிற்கிறது. கிறிஸ்டியான்ஸ்போர்க் என்று பெயர். கட்டியவர்கள் டென்மார்க்குக்காரர்கள். நம் தரங்கம்பாடியில் 1620-ல் கோட்டை கட்டியவர்களும் அவர்கள்தான். தரங்கம்பாடியை 1845-லும், இதனை 1850-லும் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நம் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகள் ஐரோப்பியக் கப்பல்களில் இந்தக் கரைக்கு வந்தன. மாற்றாகத் தங்கம் போயிற்று, தந்தம் போயிற்று. மனிதர்களும் அடிமைகளாகப் போனார்கள். நம் நெசவாளிக்கு அது தெரிந்திருக்காது. ஆனால் நாம் விற்கும் சரக்கு எங்கே போய் என்ன ஆகிறது என்று வணிகன் கேட்காமல் இருந்தால் எதுவரை போகும் என்பதற்கு அந்தக் கோட்டை சாட்சி. அன்று மாலை அங்கே நின்றபோது எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

கட்டில் வந்த நாள்

வேலை சொன்ன தேதிக்கு எட்டு நாள் தாமதமாயிற்று. தச்சரின் சொந்த ஊரில் ஒரு சாவு. அங்கே இறுதிச் சடங்கு என்றால் ஊரே கூடும், தடுக்க முடியாது. ஆனால் வந்த கட்டிலைப் பார்த்ததும் அந்த எட்டு நாள் மறந்துபோயிற்று.

ஆணியை நம்பாமல், ஒரு சட்டத்தில் துளையிட்டு மறு சட்டத்தின் நாக்கை அதில் இறக்கிப் பூட்டியிருந்தார். நான்கு மூலையிலும் கம்பம், கொசுவலை கட்டுவதற்கு. மலேரியா உள்ள நாட்டில் அது அலங்காரம் அல்ல, உயிர்க் காப்பு. மெத்தைக்கு அடியில் பலகையாக அடைக்காமல் இடைவெளி விட்ட சட்டங்கள்; காற்றுப் போகும், மெத்தை பூஞ்சணம் பிடிக்காது. முனைகள் எல்லாம் மழுக்கியிருந்தன. அலமாரியைக் குழந்தை பிடித்து ஏறினாலும் சாயாதபடி இரும்புக் கோணம் வைத்துச் சுவரோடு முடுக்கினார். பக்கத்தில் தம்பிக்கு ஒரு தொட்டில் கட்டில். அதன் கம்பிகளுக்கு இடையே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்று மகள் அளவுகோல் வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. வார்னிஷ் வாடை போகும் வரை ஒரு வாரம் சன்னல்களைத் திறந்துபோட்ட பிறகுதான் பிள்ளைகளை உள்ளே விட்டோம்.

தச்சர் தம் பங்காக ஒன்று கொண்டு வந்தார். ஒரே கட்டையில் குடைந்த சிறிய ஸ்டூல். தவழத் தொடங்கும் குழந்தைக்குத் தகப்பன் தரும் முதல் பரிசு அதுதான் என்பது அவர்களிடையே பழைய வழக்கமாம். பேத்தி எந்தக் கிழமையில் பிறந்தாள் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்றோம். "அப்படியானால் இவள் அஃபுவா" என்றார். பிறந்த கிழமையைப் பெயராக வைப்பது அவர்கள் மரபு. அதற்குப் பிறகு அவள் எங்களுக்கு ஒரு வாரம் வேறு பெயருக்கே திரும்பிப் பார்க்கவில்லை.

செலவைக் கூட்டிப் பார்த்தோம். கட்டில், தொட்டில், அலமாரி, துணி எல்லாம் சேர்த்து, கண்ணாடிக் கடையில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் மட்டும் கேட்ட விலையில் பாதிக்குச் சற்று அதிகம். அதில் பெரும்பகுதி அதே தெருவில் சுற்றுகிறது. தச்சர், மாப்பிள்ளையிடம் சரக்கெடுக்கும் சில்லறைக் கடையில்தான் அரிசி வாங்குகிறார்!

நமக்கு என்ன?

சங்கக் கூட்டங்களில் எத்தனை முறை மேடையேறிச் சொல்லியிருப்போம்: "மக்கள் உள்ளூர்க் கடையை ஆதரிக்க வேண்டும், பெரிய நிறுவனங்களிடம் போகக் கூடாது" என்று! அப்படிப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, எங்கள் கூடத்து மேசையை கைப்பேசியில் பார்த்து வரவழைத்தவர்கள்தாம் நாங்கள். எங்கள் தெரு முனையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி அதை இறக்கிவைக்க ஒரு கை கொடுத்தார். அப்போது எங்களுக்கு வெட்கம் வரவில்லை. அக்ராவில்தான் வந்தது.

உள்ளூர்க்காரரிடம் வாங்குங்கள் என்று சொல்வது எளிது. வாங்கும் முறையும் உண்டு. அவசரப்படுத்திவிட்டுத் தரம் கேட்கக் கூடாது. சிறு தொழிலாளியிடம் முதல் இல்லை என்றால், சரக்குக்கான பணத்தை முன்னே கொடுத்து, காலம் கொடுத்து, பிறகு எடை போட்டு வாங்க வேண்டும். நம்பிக்கையும் வேண்டும், தராசும் வேண்டும். அப்பளம் போடுபவர், கூடை முடைபவர், மசாலா அரைப்பவர் என்று நம் கடைக்குச் சரக்குத் தரும் எத்தனையோ பேருக்கு இது பொருந்தும்.

2024 ஜனவரியில், அடுத்த ஹார்மட்டான் காற்று வீசிய நேரத்தில், மகளைத் தொலைபேசியில் அழைத்து முதலில் கேட்ட கேள்வி, "கட்டில் எப்படி இருக்கிறது?" என்பதுதான். பேத்தி தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஒரு விரிசல்கூட இல்லை தாத்தா. நான் தினமும் தடவிப் பார்க்கிறேன்."

ஊர் திரும்பியதும் தெரு முனை ஆசாரியிடம் கடைக்கு ஒரு கணக்கு மேசை செய்யச் சொல்லிவிட்டோம். மரம் இப்போது எங்கள் கிட்டங்கியில் துவரை மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கிறது. நான்கு நாளைக்கு ஒருமுறை நிறுத்துக் குறிக்கிறோம்.